பதினான்கு நாள் தவணை

கார்த்திகையில் நாற்பத்தொன்றில் இரண்டு போனது.
நரி என்றுதான் முதலில் நினைத்தோம்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பரோட்டாத் துண்டுக்கு வாலாட்டுகிற அதே நாய்கள்
ராத்திரியில் ஏழாகச் சேர்ந்து வந்திருக்கின்றன.
நாய்க்கு நாய்தான் மருந்து என்றார் நாச்சிமுத்து.
அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை,
ஆனாலும் கிளம்பினேன்.

சித்தூரில் டென்சில் வீட்டு டைல்ஸ் தரையில்
ஐந்து குட்டிகள்
கறுப்பும் வெள்ளையுமாய் வழுக்கி விழுந்தன.
ஏதோ குளிர்தேசத்து ஆட்டுக்காரர்கள் வளர்த்த சாதியாம்,
கண்ணாலேயே மந்தையை மடக்குமாம்,
முப்பத்தெட்டாயிரம், பேப்பரோடு.
அப்பன் ஜெயித்த கோப்பை
டிவி பக்கத்தில், உள்ளே ஊதுபத்திச் சாம்பல்.

தாய் எங்கே என்றேன்.
வெள்ளாட்டுக் குட்டி வாங்கப் போனாலும்
முதலில் தாயின் மடியைத்தான் தொட்டுப் பார்ப்போம்.
போனில் போட்டோ காட்டினார்.
"அவளு ரெஸ்ட்டிலாணு."
பின்கட்டில் தகரம் உரசும் சத்தம்.
கை கழுவுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.
கோழிக்கூண்டு அகலத்துக்குள்
திரும்ப இடமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து அட்வான்ஸ் எண்ணத் தொடங்கியிருந்தார்.
நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன்.
கொழிஞ்சாம்பாறை வரைக்கும்
அவர் பின் சீட்டில், நான் முன் சீட்டில்.

சுலைகா டீச்சரின் வளவில்
மூன்று காலோடு ஒன்று,
தண்டவாளத்தில் வாலை விட்டது ஒன்று,
கண்ணில் பூ விழுந்த பொமரேனியன்,
நடுவில் அதே கறுப்பு வெள்ளை.
வயது மூன்று. விலை கிடையாது.
கோயம்புத்தூரில் பதினோராவது மாடியில் இருந்ததாம்.
பிறந்தநாள் விருந்துக்கு வந்த குழந்தைகளைச்
சுற்றிச் சுற்றி ஓட்டி
பத்தொன்பது பேரை ஹாலின் மூலையில் சேர்த்து நிறுத்தியிருக்கிறது.
தப்பி ஓடிய இருபதாவதின் குதிகாலைக் கவ்வியிருக்கிறது.
தோல்கூடக் கிழியவில்லை என்றார் டீச்சர்.
விட்டுப்போன காரணம் என்ற கட்டத்தில்
நீல மையில் எழுதியிருந்தது: ஆபத்தானது.

காசு கேட்காதவர் கேள்வியாய்க் கேட்டார்.
வேலி எத்தனை அடி, பகலில் யார் வீட்டில்,
கட்டிப்போடுவீர்களா, மழைக்கு எங்கே படுக்கும்,
இவர் குடிப்பாரா.
கள்ளு மட்டும் என்று சொல்லிவிட்டு
மாப்பிள்ளை பார்க்கப்படுகிறவர் மாதிரி
வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார் நாச்சிமுத்து.

எனக்கு இன்னும் ஆறவில்லை.
நான் குழாயடியில் நின்றேன், அவர் பலாமரத்தடியில்.
கயிறு அவிழ்ந்ததும் அது யாரையும் முகரவில்லை.
தலையைத் தாழ்த்தி, வயிறு மண்ணில் உரச,
அகலமாய் ஒரு வட்டம் போட்டது.
பிறகு அதைவிடச் சின்னதாய் ஒன்று.
என்னையறியாமல் இரண்டடி நகர்ந்தேன்.
அவர் மூன்றடி.
டீச்சர் தண்ணீர்ச் செம்போடு திரும்பியபோது
அவர் தோள் வேர்வை என் சேலையில் பட
பலா நிழலில் நின்றிருந்தோம்.

பதினான்கு நாள் தவணை,
ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.
முதல்நாள் கோணக்கொம்பி ஒரே முட்டுத்தான் முட்டியது,
துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.
முப்பத்தெட்டாயிரம் மிச்சம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நான்காம் நாள் கோழிகளை மடக்கியது.
ஆறாம் நாள், பால் சொசைட்டி ஆளை.
தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.
நாச்சிமுத்து "ஸ்டே" என்று கத்தினால்
ஆடுகள் நிற்கின்றன,
அது யோசிக்கிறது.
செக்போஸ்ட்டு ஏழும் ஒருநாள் வந்தன.
வேலிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தன,
இந்தப்பக்கம் இது.
விடியும்வரை என்ன பேசிக்கொண்டன என்று தெரியாது.

நேற்றுப் பொழுது சாய
முப்பத்தொன்பதும் பட்டிக்குள் போன பின்னும் படுக்கவில்லை.
படலருகே நின்று ரோட்டையே பார்த்தது.
உப்பு வாங்கக் கிளம்பிய என் முந்தானையைக் கவ்வி
வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது.
கள்ளுக்கடையிலிருந்து அவர் வந்து செருப்பைக் கழற்றியதும்
பெருமூச்சு விட்டுக் கால் நீட்டியது.
நாற்பத்தொன்று.

நாளை டீச்சர் போன் செய்வார்.
குழம்பில் உப்பில்லை என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.