கால் வாங்கப் போனது

கிளிநொச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ.
பதினெட்டுப் படி. எண்ணித்தான் ஏறுவேன்.
சுவர் முழுக்கச் சாமத்திய வீட்டுப் பிள்ளைகள்,
எல்லாருக்கும் ஒரே ஊதா வெளிச்சம்.

"ஸ்ராண்ட் எண்டால் இதுதான் அண்ணை," என்றான் தினோசன்.
"ஆறரை அடி போகும். மண்டபத்தில
சனத்தின்ர தலைக்கு மேலால எடுக்கலாம்."

உயரம் வேண்டாம், எனக்குப் பதிவு வேணும் என்றேன்.
"வீடியோப் பதிவோ?"
இல்லையடா, பதிய நிக்க வேணும்.
கையை விரித்து மேசையில் நிறுத்திக் காட்டினேன்.
ஒரு சாண். முடிந்தால் அதிலும் நாலு விரல் குறைய.

"அவ்வளவு பதிய என்னத்தை எடுக்கப் போறியள்?"

குழியானை.
முதல் மழைக்குத் தம்பலப்பூச்சி.
முத்தையன்கட்டுக் குளத்து அலைகரையில்
ஈர மணலோடு ஒட்டிச் சிவந்து கிடக்கும் ஒரு பூண்டு:
உளுந்தளவு இலை, மயிர்தோறும் பசைத்துளி,
நுளம்பு வந்து குந்தினால் பிறகு எழும்பாது.

கால் வாங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு.
முதலாவது மன்னாரில் அளவெடுத்தது, அரை அங்குலம் கூட.
இரண்டாவது யாழ்ப்பாணத்தில்; போட்டிருப்பது அதுதான்.
ஆகவே பெட்டியில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.
விரல் முட்டியால் குழாயைத் தட்டினேன்.
டிங் என்றது. அலுமினியம்.
பிறகு குனிந்து, காற்சட்டையோடு, என் கெண்டைக்குக் கீழே தட்டினேன்.
அதே சத்தம், கொஞ்சம் கட்டை.
தினோசன் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல்
தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினான்.

முறுக்கிப் பூட்டுவது வேண்டாம்.
சேறு போனால் அரைக்கும். எண்ணெய் விட்டால் மணலைக் கூப்பிடும்.
(ஐப்பசியில் என் கணுக்கால் கதைக்கும், தெரியும்.)
நெம்பிப் பூட்டுவது இருட்டிலும் விரலுக்குப் பிடிபடும்.
நடுத்தூண் கழராவிட்டால்
கால்களை எவ்வளவு அகட்டினாலும் வயிறு தட்டும்.
கார்பனில் ஒன்று இருந்தது. தூக்கினேன்,
கொக்கின் எலும்பு மாதிரி.
விலையையும் பார்த்தேன். இருந்த இடத்திலேயே வைத்தேன்.
சோளகம் அடிக்கிற ஆனியில்
பாரமில்லாதது எதுவும் குளக்கட்டில் நிற்பதில்லை.

"அடியில கூரும் இருக்கு அண்ணை."
ரப்பரைத் திருகத் திருக
உள்ளேயிருந்து இரும்பு முள் வந்தது.
"நிலத்தில குத்தி இறுக்கினால் அசையாது."

திரும்ப மூடச் சொன்னேன்.
நான் நிலத்தில் எதையும் குத்துவதில்லை.

கடைசியில் பழையது ஒன்று, பதினெண்ணாயிரம்.
ஒரு கால் கொஞ்சம் தளர்வு என்று அவனே சொன்னான்.
பரவாயில்லை, ஒண்டு தளர்ந்தால் மற்றதுகள் பழகிக்கொள்ளும்.

விடிய ஐந்தரை. அலைகரை.
மூன்று காலையும் தவளை மாதிரி அகட்டி வைத்தேன்.
நாலாவதைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் கிடத்தினேன்,
குப்புறப் படுக்கையில் அது இடைஞ்சல்.
கொளுக்கியில் தண்ணிப் போத்தலும் புட்டுப் பார்சலும்
பாரத்துக்குத் தொங்கின.

கமரா அசையவில்லை. காசுக்குப் பிழையில்லை.
அசைந்தது பூத்தண்டு.
நூலளவு தண்டு, நுனியில் ஒரு வெள்ளைப் பூ,
சட்டத்துக்குள் வருவதும் போவதும்.
அதைப் பிடித்து நிறுத்த எந்தக் கடையிலும் சாமான் இல்லை.
மூச்சை அரைவாசி விட்டு, நிறுத்தி, கிடந்தேன்.
அக்கரையில் மயில் அகவியது.
ஒரு கட்டெறும்பு ஸ்ராண்டின் காலில் ஏறி,
பூட்டு மட்டும் போய், யோசித்து, இறங்கி,
மணலில் தனியே சப்பாத்தோடு கிடந்ததைச்
சுற்றிக்கொண்டு போனது.

ஏழு மணிபோலக் காற்று விழுந்தது,
ஒரு ரெண்டு செக்கன்.
ஒன்றே ஒன்று எடுத்தேன்.

சரி வந்ததா என்று அங்கே பார்க்கவில்லை.
கால்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு எழும்ப
வெயில் ஏறிவிட்டது.