இரண்டு கிலோ

பெருங்குடியில் ஏழாம் மாடி.
ஜன்னலைத் திறக்க முடியாது,
திறந்தாலும் குப்பைமேட்டுக் காற்றுதான்.
இங்கே இரவு இரண்டரை என்றால்
லீமாவில் மாலை நான்கு.
யாரோ அங்கே பையைப் பிரித்து
நசுங்கிய தக்காளிக்கு
என்னைத் திட்டத் தொடங்கும் நேரம்.

மூன்று வாரப் பயிற்சி.
நூற்றிருபது காய், பழம். சனிக்கிழமை தேர்வு.
பிரிட்ஜ் கதவில், பீரோ கண்ணாடியில்,
கேஸ் சிலிண்டர் கழுத்தில்கூடச் சீட்டு ஒட்டினேன்.
வெங்காயத்துக்கு செபோய்யா.
பூண்டுக்கு ஆஹோ,
உரிக்கும்போதெல்லாம் யாரோ பாராட்டுவது மாதிரி.
தர்பூசணிக்கு சந்தீயா.
எங்கள் டீம் லீடர் பேரும் சந்தியா.
அந்த மாதம் முழுக்க
அவர் பேச வந்தாலே குனிந்துகொள்வேன்.

பால்தான் படுத்தியது.
தக்காளி ஆண். கத்தரிக்காய் பெண்.
வெள்ளரி ஆண், கேரட் பெண்.
ஆறாம் வகுப்பில் அஃறிணை என்று
ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தவை
அவிழ்ந்து உருண்டு
ரேஷன் கடைபோல் இரண்டு வரிசையாய் நின்றன.
பாகற்காய் என்ன பால் என்று கேட்டேன்.
பட்டியலில் இல்லை என்றான் பயிற்சி தந்த ஜெபின்.
முருங்கை இல்லை. சுண்டை இல்லை. வாழைப்பூ இல்லை.
ஸ்பானிஷில் அவற்றைப் பற்றி
யாருக்கும் புகார் கிடையாதுபோல.

தொண்ணூற்றியொன்று வாங்கித் தேறினேன்.
வேலைக்கு உட்கார்ந்த முதல் வாரமே தெரிந்தது
பட்டியல் மெக்சிகோக்காரர் போட்டது.
அவகாடோவுக்கு நான் படித்தது அகுவகாத்தே,
லீமாவில் அது பால்த்தா.
சோளம், பூசணி, பீட்ரூட்
எல்லாவற்றுக்கும் அங்கே வேறு பேர்.
கோபம் வரவில்லை.
நாகர்கோவில்காரரைக் கட்டிய முதல் மாதம்
மத்தங்காய் வாங்கி வா என்றதற்கு
கடைகடையாய் விசாரித்து
வெறுங்கையோடு திரும்பியவள் நான்.
எல்லாக் கடையிலும்
பரங்கிக்காய் குவிந்து கிடந்தது.

அப்புறம் உருளைக்கிழங்கு.
அது பாப்பா, முதலெழுத்தில் அழுத்தம்.
கடைசி எழுத்தின் தலையில்
சின்னதாய் ஒரு கோடு சாய்த்தால் அப்பா.
என் வீட்டில் பாப்பா என்றால்
போர்வையை உதைத்துத் தூங்குகிற நாலு வயது.
மூன்று மணிக்குக் கண் சொருகும்.
மூவரில் யார் யாரென்று விரலுக்குத் தெரியாது.

க்ராசியேலா என்ற அம்மாள்.
கிழங்கு அழுகி வந்திருக்கிறது, படம் வைத்திருந்தார்.
நான் தட்டினேன்,
உங்கள் அப்பா அழுகிப்போனதற்கு வருந்துகிறோம்.
நாளை பத்து மணிக்குள்
புது அப்பா இரண்டு கிலோ வந்து சேரும்.
கட்டணம் இல்லை.

போன பிறகுதான் கோடு கண்ணில் பட்டது.
பக்கத்து நாற்காலி மெஹராஜ் எட்டிப் பார்த்து
வாயைப் பொத்திக்கொண்டாள்.
திரையில் மூன்று புள்ளி துள்ளியது.
நின்றது.
மறுபடி துள்ளியது.

ஜஜஜஜஜ என்று வந்தது.
அங்கே ஜ-வுக்கு ஹ என்று ஓசை. சிரிக்கிறார்.
பின்னாலேயே இன்னும் இரண்டு வரி.
அவர் போய்ப் பதினோரு வருஷம்.
இரண்டு கிலோ இருந்தால் அனுப்புங்கள்,
மண் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.

இதற்கு டெம்ப்ளேட் இல்லை.
நாற்பது நொடியில் பதில் போகாவிட்டால்
திரையோரம் சிவக்கும். சிவந்தது.
தெரிந்த காயையெல்லாம் ஒருமுறை யோசித்தேன்.
கடைசியில் சரி என்று மட்டும் போட்டேன்.
ஐந்து நட்சத்திரம் தந்துவிட்டுப் போனார்.
தரப் பிரிவில் ஒன்பது மதிப்பெண் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறரைக்கு வேளச்சேரி ஸ்டேஷனில் வண்டி இறக்கிவிட்டது.
தள்ளுவண்டியில் தணிகை சாக்கைக் கவிழ்த்தார்.
புழுதி எழுந்தது.
என்னம்மா வேணும் என்றார்.
வாயைத் திறந்தேன்,
எந்த எழுத்தில் அழுத்துவதென்று தெரியவில்லை.
விரலால் காட்டினேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இரண்டாவது திருப்பத்தில்
பையைக் கை மாற்றிக்கொண்டேன்.