இடுப்புப் பட்டை

மே மாதம் பருத்தி ஜட்டி இரண்டு வாங்கினேன்.
கடைக்காரி எட்னா அளவு கேட்டாள்.
"மண்ணுக்கு" என்றேன்.
சஸ்காட்செவனில் இதைவிட விசித்திரமாகவும் பேசுவோம்;
சில்லறையைக் கொடுத்தாள்.

ஒன்றை எங்கள் வயலில் புதைத்தேன்,
உழுவதை நிறுத்தி ஆறு வருஷமாகிவிட்ட வயல்,
முள்ளங்கியும் க்ளோவரும்
பனிக்கு முன்னே போர்த்திவிடும் வயல்.
மற்றதை வேலிக்கு அப்பால்,
ஆர்வில் உழுது மொட்டையாய் விட்டிருந்த மண்ணில்,
அவர் அனுமதியோடு, அவர் சிரிப்போடு.

முதல் மூன்று வருஷம் ஊரே சிரித்தது.
கோதுமை முழங்காலைத் தாண்டவில்லை.
வங்கியில் உட்காரச் சொல்லவில்லை.
நெஸ்டர் நடுராத்திரியில் எழுந்துபோய்
கொட்டகையில் கலப்பையைத் தொட்டுவிட்டு வருவான்,
சிகரெட்டை விட்டவன்
காலிப் பெட்டியைத் தடவுவதுபோல.

ஜூலையில் ஒரே மாலையில் கொட்டிய மழை
ஆர்வில் வயலிலிருந்து சாலைக்கு நடந்தது,
மண்ணையும் கூட்டிக்கொண்டு.
எங்களிடம் வந்தது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.
காற்றில் அலையும் கரியும் அங்கேதான் தங்குகிறதாம்.
அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை.
டீசல் செலவு மெலிவது மட்டும்
நோட்டில் தெரிகிறது.

இன்று தோண்டினோம்.
ஆர்வில் பக்கத்து ஜட்டி வெறும் அழுக்கு;
துவைத்தால் போட்டுக்கொள்ளலாம்.
எங்கள் பக்கம்
இடுப்புப் பட்டை,
சலவைக் குறிப்பு எழுதிய துண்டு,
நெளிந்து ஓடப் பார்த்த நாலு புழு.

ஆர்வில் சிரிக்கவில்லை.
பட்டையை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.
"அந்த முள்ளங்கி விதை
மூட்டை என்ன விலை?"

நெஸ்டர் வாயைத் திறக்குமுன் கேட்டேன்:
"முதல் மூன்று வருஷத்தைச் சேர்த்தா,
சேர்க்காமலா?"