இருபத்தாறு நொடி

த்ரியெஸ்தே. கூட்ட அறையில் ஈரக் கோட்டுகளின் வாடை.
நிவெஸ் சிவப்புப் பென்சிலால்
கரையோரம் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தம் என் வாசலில் வேண்டும்,
சத்தம் அடுத்த வாசலுக்குப் போகட்டும் என்றார்
ஐஸ்கிரீம் கடைக்காரர்.
படகுச் சங்கத்து எஜீதியோ எழுந்தான்:
எட்டுப் பேர் தோளில் படகோடு
தண்டவாளம் தாண்ட எத்தனை நொடி தருவீர்கள்?

அழித்தாள். வரைந்தாள். அழித்தாள்.
ரப்பர்த் துகள்கள் வரைபடத்தின் நீலத்தில்
தீவுகளாய்ச் சேர்ந்தன.
கடல் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் துறையில் போரா காற்று,
ஆளையே தள்ளும் வடகிழக்குக் காற்று.
ஒருவன் வரவில்லை. எட்டாவது தோள் அவளுடையது.
எண்ணிக்கொண்டே நடந்தாள்.
காற்று ஓய்ந்தபோது பதினேழு.
அடித்தபோது இருபத்தாறு.

அட்டவணையில் இருபத்தாறு என்று எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில்:
தோள்பட்டை வலி.