உடம்பில்லாத பனியன்

பன்னிரண்டாயிரம் பீஸ்.
வெள்ளை ரிப், நாலு விரல் அகலம்,
குழாயாய் அடித்து, லேபிள் இல்லாமல்.
கப்பல் வேண்டாம், விமானத்தில் போடு என்றான் மூசா.

கட்டிங் மாஸ்டர் மாரப்பண்ணன்
ஒன்றை விரலில் மாட்டிச் சுழற்றினார்:
"என்னங்கம்மணி, உடம்பில்லாத பனியனா இருக்குது?
கையுமில்ல, கழுத்துமில்ல."
விளையாட்டுக்காரர்களின் வேர்வைப் பட்டையாக்கும் என்று
நான் பாட்டுக்கு பேக்கிங் லிஸ்ட் போட்டேன்.

செவ்வாய் இரவு. அனுப்பர்பாளையத்தில் போன கரண்ட்
திரும்பி வந்தபோது செய்தியில் மூசாவின் நாடு.
அவர்கள் டிவியில் ஒன்றுமே இல்லையாம்:
கொடி, பேண்டு வாத்தியம், மறுபடி கொடி.
டெலிபோன் நிலையத்தைத்தான் முதலில் பிடித்தார்களாம்,
அரண்மனை அப்புறம்.
கன்றுக்கு வாய்க்கூடு போட்டுவிட்டு
காட்டுக்குள் இறங்குகிற மாதிரி.

ஒரே ஒரு படம் வெளியே வந்திருந்தது,
யாரோ மாடி ஜன்னலில் கை நடுங்கி எடுத்தது.
எல்லாருக்கும் அதே பச்சை, அதே துப்பாக்கி.
சிலருக்கு மட்டும் இடது புஜத்தில்
நாலு விரல் வெள்ளை.
கம்பியறுந்த இருட்டில்
நம்மாள் யார் என்று துணி சொல்லிக்கொண்டிருந்தது.
ஓவர்லாக் தையல்கூட எனக்குத் தெரிந்தது.
அவ்வளவு மங்கலான படத்தில் தெரியாது.
ஆனாலும் தெரிந்தது.

நலமா என்று மூசாவுக்கு அனுப்பினேன்.
பாக்கிப் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
பொய். இரண்டாவது வரியில் கேட்டேன்.
ஒற்றை டிக்.
புதனும் ஒற்றை டிக்.

ஏதோ ஒரு பழைய ரேடியோ நிலையத்தை
மறந்துவிட்டார்களாம்,
சோளக்காட்டு நடுவே, தகரக் கொட்டகை.
அதிலிருந்து அதிபர் பேசினார்.
பேச்சு யாருக்கும் புரியவில்லை, நடுவில் இருமினார்.
ஆள் உயிரோடிருக்கிறார் என்பதற்கு
அந்த இருமல் போதும்.
வியாழன் மதியம் பட்டைகளைக் கழற்றிச்
சாக்கடையில் வீசினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு மின்னஞ்சல், மிகவும் மரியாதையாக,
அரசு முத்திரையோடு:
வெள்ளைப் பட்டைக்கு ஆர்டர் தந்தவர் பெயர்,
கையெழுத்து, இன்வாய்ஸ் நகல்
மாலைக்குள் தேவை.

"அனுப்பி உட்டுருங் கருணாம்பிகை,
நமக்கெதுக்கு வம்பு" என்றார் முதலாளி,
டீயை ஆற்றிக்கொண்டே.

எங்கள் ஆபீசில் சர்வர் ரூம் என்பது
பாத்ரூமை ஒட்டிய ஓர் அலமாரி.
உள்ளே தூசி, பல்லி முட்டை,
மினுக்கிக்கொண்டே ஒரு நீல ஒயர்.
செருகியிருந்த இடத்தில் நாலு விரல் வைத்தேன்.

"சார், நெட்டு இல்லீங்."