பதினேழாவது படம்

அங்கூலேமில் மழை.
மூன்றாம் மாடி, ஒளிமேசை,
நேற்று வாங்கிய ரொட்டியின் கடைசிக் கடி.
எனக்கு வந்த வேலை
ஒரு குத்து.

தொடக்கமும் முடிவும் மத்தியூ வரைந்துவிட்டான்:
கை ஓங்குகிறது.
முகம் திரும்புகிறது.
நடுவில் இருபத்திரண்டு படங்கள் என்னுடையவை.

பத்து வரைக்கும் வெறும் தசை.
மலை பிளக்கலாம், வானம் சிவக்கலாம்,
யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பதினொன்றில்
அடிபடப் போகிறவன் கண்ணை மூடாமல் விட்டேன்.
இவனை அவன் அடையாளம் காணட்டும்.
ஒரே சட்டியில் நூடுல்ஸ் தின்றவர்கள்;
மூன்று அத்தியாயத்துக்கு முன்
ஒருவனின் சப்பாத்து நாடாவை மற்றவன் கட்டிவிட்டான்.
அது நினைவிருந்தால்தான் இது வலிக்கும்.

விழுப்புண்ணுக்குச் சொல் வைத்திருக்கிறது என் மொழி.
குத்தியவன் கைக்குள் வலிப்பதற்கு
தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கைப்பேசி கவிழ்ந்து கிடக்கிறது.
யசோதினி, பெப்ரவரியிலிருந்து
உன் அழைப்பை நான் எடுக்கவில்லை.
காசுச் சண்டைதான்.
அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்
இன்னும் உன்னிடம் வந்து சேராததுபோல
இருந்துகொண்டிருக்கிறேன்.

பதினேழில்
முஷ்டியின் சுண்டுவிரலை மட்டும்
சற்றே அவிழ்த்தேன்.

"கை நழுவிவிட்டதா?" என்றான் மத்தியூ.
இல்லை என்றேன்.
அழித்துவிட்டுச் சாப்பிடப் போனான்.
மறுபடி வரைந்தேன்.

ஓடவிட்டால் தெரியாது.
நொடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு.
பிறகு குத்து விழத்தான் விழுகிறது,
பல் தெறிக்கத்தான் தெறிக்கிறது.
ஆனாலும் எங்கோ ஒருத்தி
ஏனென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சுவாள்.

மேசை அதிர்ந்தது.
சுண்டுவிரல்தான் முதலில் போனது.