இரண்டு பத்துக்கு வராதது

குன்னூர் மவுண்ட் ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடி.
வர்க்கி வேகும் வாசனை ஏறிவரும் அறையில்
இரண்டு திரை, ஒரு ஹீட்டர், நான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் என்னிடம் தூங்குகின்றன.

முக்கால்வாசி ஆளில்லாதவை.
மே மாதம் வருவார்கள், ரோஜாவைப் படமெடுப்பார்கள்,
சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள்.
அப்புறம் கதவுக்குக் காவல் ஒரு காந்தத் துண்டு.

காந்தம் தன் ஜோடியை விட்டு விலகினால்
சுவரிலிருக்கும் பெட்டி முப்பது நொடி பொறுக்கும்,
வந்தது வீட்டுக்காரர்தானா,
நான்கு எண்ணை அழுத்துவாரா என்று.
அழுத்தாவிட்டால் தன் சிம்மைத் தட்டி எழுப்பும்.
சரிவு டவருக்கு ஒரு தாவல், அங்கிருந்து சென்னைக்கு,
சென்னையிலிருந்து எனக்கு.
பக்கத்துத் தெரு வீடு என்னைக் கூப்பிட
கடல்மட்டம் வரை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுக்கு அடிப்பேன். பிறகு பெங்களூருக்கு.
பிறகு சாவிக்காரருக்கு. மூவரும் எடுக்காவிட்டால்
ஊட்டி கண்ட்ரோல் ரூமில் ஏட்டு போஜன்.
"சொல்லுங்க யோகராணி,
இன்னைக்குக் கரடியா, காட்டெருமையா?"

கேலி நியாயம்தான்.
ஒரு கரடி ஜன்னலை உடைத்து
டின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.
கதிருக்குக் குறுக்கே நின்று
மஞ்சே ஒருமுறை திருடனாகியிருக்கிறது.
சிரித்துவிட்டுத்தான் வண்டி அனுப்புவார். ஆனால் அனுப்புவார்.

எனக்கு வருவது அலாரம் மட்டுமல்ல.
பத்து நிமிடத்துக்கொருமுறை ஒவ்வொரு பெட்டியும்
ஒன்றுமில்லை என்று சொல்லும்.
ஒரு பச்சைப் புள்ளி. இருக்கிறேன், அவ்வளவுதான்.
யாரும் அதைப் படிப்பதில்லை. நானும்தான்.

ஐப்பசி கடைசி, நான்காம் நாள் மழை.
கோத்தகிரி சாலையில், சரிவின் உச்சியில்
இருபத்தேழாம் எண் இரண்டு பத்துக்குச் சொல்லவில்லை.
இரண்டு இருபதுக்கு இருபத்தெட்டு.
இருபத்தொன்பதை விற்றுவிட்டார்கள், அதில் பெட்டி இல்லை.
இரண்டு முப்பதுக்கு முப்பது.

டவர் விழுந்திருந்தால் எல்லாம் ஒன்றாய் அணைந்திருக்கும்.
கரண்ட் போனால் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும்.
எந்தத் திருடன் படி இறங்குவதுபோல்
வீடு வீடாக வாயைப் பொத்திக்கொண்டு வருவான்?
மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே.
அப்படி இறங்குவது மண் ஒன்றுதான்.

"என்ன கோட் நம்பர்?" என்றார் போஜன்.
நம்பர் இல்லை சார்.
"எந்த அலாரம் அடிச்சுது?"
எதுவும் அடிக்கல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.
அந்தப் பக்கமும் மழை பெய்வது கேட்டது.
"முப்பதுக்குக் கீழே என்ன இருக்கு?"

வரைபடத்தில் வெறும் பச்சை.
வாடிக்கையாளர் இல்லாத இடத்தை எங்கள் திரை வரைவதில்லை.
ஆனால் கொழுந்து ஏற்றும் ஜீப்பில் போயிருக்கிறேன்:
இருபத்திரண்டு லைன் வீடுகள், தகரக் கூரை,
மூன்றாவது கதவு என் சித்தி மகள் தவமலருடையது.
அதில் காந்தம் இல்லை, தாழ்ப்பாளே சரியாக விழாது.
அவள் போன் அணைத்துக் கிடந்தது.
சொன்னேன்.
அவர் கரடியைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்று ஐந்துக்கு வண்டி போய்ச் சேர்ந்தது.
போஜன் பேசாமல் வயர்லெஸ்ஸை ரிசீவருக்கு அருகே வைத்தார்:
கதவு தட்டும் சத்தம், ஒரு குழந்தையின் வீறிடல்,
ஆட்டை அவிழ்க்கத் திரும்பியவனுக்கு விழுந்த திட்டு,
பள்ளிக்கூடத்துக்கு நடங்க நடங்க என்று ஒரு குரல்,
எண்ணிக்கொண்டே வரும் இன்னொரு குரல்,
எண்பத்தாறு, எண்பத்தேழு.
நான்கு அடிக்குமுன் மண் வந்தது. ஒன்பது வீடுகள்.
ஆடுகளை யாரும் எண்ணவில்லை.

அறிக்கைப் படிவம் காரணம் கேட்டது:
திருட்டு, தீ, மருத்துவம், தவறான அலாரம்.
நாலில் ஒன்றைத் தொடாமல் மூடாது.
விடியும்வரை திறந்தே வைத்திருந்தேன்.

எட்டரைக்குப் பெங்களூரிலிருந்து இருபத்தேழாம் எண்.
வீடே போச்சு, உங்க அலாரம் ஏன் அடிக்கலை?
கீழே இரண்டாம் தட்டு வர்க்கி கருகத் தொடங்கியிருந்தது.
மன்னிக்கணும் சார், என்றேன்.
கதவை யாரும் திறக்கலை.